வெள்ளைக்காரர்களின் சபைக்குத் தலைவரான தமிழர்: யார் இந்த பிஷப் அசரியா?

வேலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைன்னா அமிர்தி நினைவுக்கு வரும். கணியம்பாடி தாண்டி, ஜவ்வாதுமலை அடிவாரத்துக்கு ஒரு பைக் ரைடு. உயிரியல் பூங்கா, தண்ணீர் இருந்தால் அருவி, இல்லாவிட்டால் டீக்கடை. போன முறை என்னோடு வந்த நண்பனுக்கு ஆம்பூர்; ஷூ கம்பெனியில் வேலை. வழியில் ஒரு சின்ன சர்ச்சில் 'சி.எஸ்.ஐ' போர்டைப் பார்த்தவன், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து கேட்டான்.

"மச்சி, சர்ச் ஆஃப் சவுத் இந்தியான்னு போட்டிருக்கே, இந்த 'இந்தியா' எப்போ உள்ள வந்துச்சு? மொதல்ல எல்லாம் வெள்ளைக்காரங்க கையிலதானே இருந்துச்சு?"

டீக்கடை வரைக்கும் என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து தேடினால், பதில் ஒரு மனிதரின் வாழ்க்கையாக இருந்தது. அவர் தமிழர். அவர் பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஆங்கிலிகன் திருச்சபையின் முதல் இந்திய பிஷப்.

முதலில், பிஷப் என்றால் யார்?

கிரேக்க மொழியில் 'எபிஸ்கோபோஸ்' என்றால் மேற்பார்வையாளர். அதிலிருந்து வந்ததுதான் பிஷப். கத்தோலிக்கர்கள் தமிழில் ஆயர் என்கிறார்கள், சி.எஸ்.ஐ-யில் பேராயர். ஒரு பகுதியில் இருக்கும் எல்லா சபைகளும் ஒரு மறைமாவட்டம் அல்லது திருமண்டலம். அதற்குத் தலைவர் அவர். குருமார்களுக்கு அபிஷேகம் செய்வது, இடமாற்றம் செய்வது, சொத்து, பள்ளி, மருத்துவமனை... எல்லாமே அவர் பார்வையில் வரும்.

சிம்பிளாகச் சொன்னால், அது ஆன்மிகப் பதவி மட்டுமல்ல, அதிகாரப் பதவியும்கூட. அதனால்தான் 'பிஷப் யாருடைய ஆள்?' என்ற கேள்வி எந்தக் காலத்திலும் ஓயவில்லை.

ஒரு பழைய உதாரணம் பார்க்கலாம். 6-ம் நூற்றாண்டில் இன்றைய ஸ்பெயினை விசிகோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தார் ஆண்டார்கள். அரசர்கள் பின்பற்றியது ஏரியன் கிறிஸ்தவம். அதில் இயேசு தந்தைக்குச் சமமானவர் இல்லை. உள்ளூர் மக்களோ கத்தோலிக்கர்கள். மெரிடா நகரத்துக் கத்தோலிக்க சபைக்கு பிஷப்பாக இருந்தவர் மசோனா. பிறப்பால் அவர் கோத், அதாவது ஆளும் இனம். ஆனால் நின்றது ஆளப்படுகிறவர்கள் பக்கம். வழிக்கு வரச் சொன்னார் அரசர் லியோவிகில்ட். மசோனா மறுத்தார், நாடு கடத்தப்பட்டார். அரசர் மாறியதும் காற்றும் மாறியது. அடுத்த அரசர் ரெக்கார்ட் கத்தோலிக்கத்துக்கு வந்தார். 589-ல் டொலேடோவில் கூடிய பெரிய சங்கத்தில் மசோனா முக்கிய இடத்தில் இருந்தார். அவர் 580 வாக்கில் கட்டிய மருத்துவமனையில் அடிமை, சுதந்திரன், கிறிஸ்தவர், யூதர் என்று பார்க்காமல் சிகிச்சை கொடுத்ததாக மெரிடா பிஷப்புகளின் வரலாறு சொல்கிறது. மருத்துவமனையால் பெயர் வாங்கிய வேலூர்க்காரர்களுக்கு இந்தக் கதை சட்டென்று ஒட்டிக்கொள்ளும்.

அசரியாவின் கதை இதற்கு அப்படியே தலைகீழ். அவர் பிறந்தது ஆளப்படுகிற இனத்தில். போய் அமர்ந்தது ஆளும் இனத்தின் சபையில்.

வெள்ளாளன்விளையிலிருந்து...

1874 ஆகஸ்ட் 17. அன்றைய திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்ற கிராமம். தேரிக்காடும் பனையும் சூழ்ந்த பூமி. அப்பா தாமஸ் வேதநாயகம், கிராமத்துக் குருவானவர். முதல் தலைமுறைக் கிறிஸ்தவர். குடும்பம் நாடார் சமூகம். அந்தக் காலத்தில் அந்தச் சமூகம் கோயிலுக்குள் நுழைய முடியாது. பக்கத்துத் திருவிதாங்கூரில் பெண்கள் மேலாடை போடும் உரிமைக்கே பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. அசரியா பிறப்பதற்கு 15 வருஷம் முன்னால்தான், 1859-ல், அந்த உரிமை அரசாணையாக வந்தது.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். ஆனால் பட்டம் வாங்காமலே வெளியே வந்தார். (1920-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது தனிக்கதை.) 1895-ல் ஒய்.எம்.சி.ஏ-வில் வேலைக்குச் சேர்ந்தார். தென்னிந்தியா முழுக்கச் சுற்றல். 1898-ல் அம்பு மரியம்மாளோடு திருமணம். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய சிலரில் அவரும் ஒருவர்.

திருப்பம் கொடுத்த யாழ்ப்பாணம்

1902-ல் அசரியா யாழ்ப்பாணம் போனார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில், தங்கள் ஆட்களையே வேறு ஊர்களுக்கு ஊழியத்துக்கு அனுப்புவதைப் பார்த்தார். லண்டனிலிருந்து பணம் இல்லை. வெள்ளைக்கார மேனேஜர் இல்லை.

ஊருக்குத் திரும்பியதும் அது உறுத்தத் தொடங்கியது. திருநெல்வேலியில் கிறிஸ்தவம் வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர்களால் முடிவது நம்மால் ஏன் முடியவில்லை?

1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் 'இந்திய மிஷனரி சங்கம்' தொடங்கப்பட்டது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம். 1905 டிசம்பர் 25-ம் தேதி வங்காளத்தின் செராம்பூரில், சேலத்துக்காரர் கே.டி. பால் போன்றவர்களோடு சேர்ந்து அகில இந்திய அளவில் 'தேசிய மிஷனரி சங்கம்'. வங்காளப் பிரிவினையை எதிர்த்து சுதேசி இயக்கம் கொதித்துக்கொண்டிருந்த அதே வருஷம்! துணியில் சுதேசி வந்ததுபோல, சபையிலும் ஒரு சுதேசி.

திருநெல்வேலிக்காரர்கள் தங்கள் வேலைக்குத் தேர்ந்தெடுத்த இடம் நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல். இன்றைய தெலங்கானா. ஆபீஸில் உட்கார்ந்து அடுத்தவரை அனுப்பிக்கொண்டிருந்த அசரியா, 1909-ல் குருப்பட்டம் பெற்று, தானே குடும்பத்தோடு அங்கே கிளம்பினார். 35 வயதில் தெலுங்கு படிக்க உட்கார்ந்தார்.

எடின்பரோவில் வெடித்த பேச்சு

1910 ஜூன். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. சுமார் 1,200 பிரதிநிதிகள். அதில் ஆசியர்கள் 20 பேருக்கும் குறைவு. அசரியாவுக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, வெளிநாட்டு மிஷனரிகளுக்கும் உள்ளூர் ஊழியர்களுக்கும் இடையிலான ஒத்துழைப்பு.

நன்றி சொல்லி, நாலு நல்ல வார்த்தை பேசி இறங்கியிருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. பல வருஷம் ஒன்றாக வேலை செய்தும், இந்திய ஊழியர் வீட்டுக்கு மிஷனரி வருவதில்லை. மிஷனரி வீட்டில் இந்தியர் விருந்தாளியாக உட்கார்ந்து சாப்பிடுவதும் அரிது. உறவு முதலாளி–சம்பளக்காரன் உறவாகவே இருக்கிறது. இதுதான் அவர் சொன்னதன் சாரம். கடைசியில் அவர் கேட்டது பணம் இல்லை, பதவி இல்லை. பொருளையும் உடலையும் கொடுத்துவிட்டீர்கள், எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கள் என்றார்.

அரங்கில் சிலர் நெளிந்தார்கள், சிலர் கோபப்பட்டார்கள். இன்றைக்கு அந்த மாநாட்டைப் பற்றி எழுதும் யாரும் இந்தப் பேச்சைத் தொடாமல் தாண்டுவதில்லை.

ஆபீஸில் 'நம்ம எல்லாம் ஒரே ஃபேமிலி' என்று டவுன்ஹாலில் சொல்லிவிட்டு, லஞ்ச் டேபிளில் தனியாகப் போய் உட்காரும் மேலதிகாரியைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த டவுன்ஹாலிலேயே எழுந்து, அதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்வதற்குச் சமம் இது. 1910-ல். பேரரசின் நாட்டுக்கே போய்.

38 வயதில் பிஷப்

சென்னையின் ஆங்கிலிகன் பிஷப் ஹென்றி ஒயிட்ஹெட், அசரியாவை பிஷப் ஆக்கவேண்டும் என்று விடாமல் நின்றார். எதிர்ப்பு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது. ஒரு இந்தியருக்குக் கீழே வெள்ளைக்காரர்கள் எப்படி வேலை செய்வது என்று மிஷனரிகள் சிலர் தயங்கினார்கள். இந்தியக் கிறிஸ்தவர்கள் எல்லோரும் கொண்டாடினார்களா என்றால், அதுவும் இல்லை. அவர் எந்தச் சாதி என்ற கணக்கு அங்கேயும் ஓடியது.

எல்லாவற்றையும் தாண்டி 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் அவர் பிஷப்பாக அபிஷேகம் செய்யப்பட்டார். தோர்ணக்கல் திருமண்டலத்தின் முதல் பிஷப். அதற்குப் பிறகு நடந்ததுதான் ஆச்சரியம்: 1945-ல் அவர் இறக்கும்வரை, ஒரு ஆங்கிலிகன் திருமண்டலத்துக்குத் தலைமை வகித்த ஒரே இந்தியர் அவர்தான். 32 வருஷம், இரண்டாவது ஆள் இல்லை! 'கதவைத் திறந்துவிட்டோம்' என்று சொல்வதற்கும் உண்மையிலேயே திறப்பதற்கும் இருக்கும் தூரம் இது.

தோல் வேலை செய்தவர்களின் பிஷப்

இனி வருவது நம்ம ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய பகுதி.

அசரியாவின் திருமண்டலத்தில் கூட்டம் கூட்டமாகக் கிறிஸ்தவத்துக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இரண்டு சமூகங்கள்: மாலா, மாதிகா. மாலாக்கள் பெரும்பாலும் விவசாயக் கூலிகள். மாதிகாக்களின் பரம்பரைத் தொழில் தோல். செத்த மாட்டைத் தூக்குவது, தோல் உரிப்பது, பதனிடுவது, செருப்பு தைப்பது. ஊருக்கு அவர்கள் செய்த செருப்பு வேண்டும், அவர்கள் தொட்டால் மட்டும் தீட்டு.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோலால் வாழும் பெல்ட்டில் இருக்கும் நமக்கு இதை விளக்கவே தேவையில்லை. இன்று இங்கே தைக்கிற ஷூ ஐரோப்பியக் கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறது. ஆனால் தோல் என்ற பொருளின் மேல் ஒட்டியிருந்த சாதி வாடை, எக்ஸ்போர்ட் ஆர்டரோடு கப்பல் ஏறிப் போய்விடவில்லை.

தோர்ணக்கல்லில் அசரியா ஊர் ஊராக மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் போனார். பல பயணங்களில் மனைவியும் கூடவே. நான்கு பேய்களை விரட்டவேண்டும் என்பது அவருடைய பிரபலமான பட்டியல்: அழுக்கு, நோய், கடன், குடி. பள்ளிக்கூடம், மருந்தகம், கூட்டுறவுச் சங்கம், அச்சகம் எல்லாம் எழுந்தன. 1924-ல் அவருடைய திருமண்டலத்தில் 8 ஆங்கிலேயக் குருக்கள், 53 இந்தியக் குருக்கள். 1935-ல் இந்தியக் குருக்கள் 250 பேர், கிராம ஆசிரியர்கள் 2,000-க்கும் மேல். அந்த ஆசிரியர்கள் பலருடைய அப்பா அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.

அவர் கட்டிய பேராலயத்தையும் பார்க்கவேண்டும். கால் நூற்றாண்டு உழைப்புக்குப் பிறகு 1939 ஜனவரி 6-ல் அர்ப்பணிக்கப்பட்டது. கோயில் மண்டபத்தை நினைவுபடுத்தும் தூண்கள், மசூதியை நினைவுபடுத்தும் குவிமாடங்கள். இங்கிலாந்து சர்ச்சின் ஊசிக் கோபுரத்தை அவர் நகலெடுக்கவில்லை.

காந்தியோடு என்ன சண்டை?

1930-கள். பூனா ஒப்பந்தம் முடிந்திருந்தது. 1935-ல் இயோலாவில் அம்பேத்கர், தான் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அறிவித்தார். ஒடுக்கப்பட்ட மக்கள் எந்தப் பக்கம் போவார்கள் என்பதே நாட்டின் பெரிய அரசியல் கேள்வி. அந்த நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் மதம் மாறிக்கொண்டிருந்த ஒரு பகுதிக்கு பிஷப் அசரியா. மோதல் வராமல் இருக்குமா?

காந்தியின் வாதம்: சேவை செய்யுங்கள், வரவேற்கிறேன். ஆனால் மதமாற்றத்தைக் குறிவைத்து சேவை செய்யாதீர்கள். படிக்காத, ஏழை மக்கள் கூட்டமாக மாறுவதை ஆன்மிக முடிவு என்று சொல்ல முடியாது.

அசரியாவின் வாதம்: அவர்களுக்குச் சுயமாக முடிவெடுக்கத் தெரியாது என்று ஏன் நினைக்கிறீர்கள்? அவர்கள் வாழ்க்கை மாறியிருப்பதை வந்து பாருங்கள். மதத்தைப் பரப்புவது எங்கள் நம்பிக்கையின் ஒரு பகுதி, அதை விட முடியாது.

இதில் யார் பக்கம் சரி என்று இன்றும் சண்டை போடலாம். சோஷியல் மீடியாவில் தினமும் நடக்கிறது. ஆனால் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. அசரியா பிரிட்டிஷ் அரசின் ஆளாக நடந்துகொள்ளவில்லை. 1932-ல் வகுப்புவாரித் தீர்ப்பு இந்தியக் கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி கொடுத்தபோது, அதை எதிர்த்தார். கிறிஸ்தவர்கள் தனித் தீவாக ஒதுங்கக்கூடாது என்பது அவர் நிலைப்பாடு. இந்த ஒரு புள்ளியில் அவரும் காந்தியும் ஒரே பக்கம்.

அவர் ஜெயித்தாரா?

பாதி ஜெயித்தார்.

1919-ல் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். இருவரைத் தவிர எல்லோரும் இந்தியர்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உருவான சபைப் பிரிவினைகளை நாம் ஏன் இங்கே சுமக்கவேண்டும், ஒன்றாவோம் என்று ஓர் அறிக்கை விட்டார்கள். அந்தக் கூட்டத்தின் முக்கியப் புள்ளி அசரியா. பேச்சுவார்த்தை 28 வருஷம் இழுத்தது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ பிறந்தது. சுதந்திரம் வந்து ஆறு வாரம்கூட ஆகி முடிந்திருக்கும், அவ்வளவுதான். அசரியா அதைப் பார்க்கவில்லை. 1945 ஜனவரி 1 அன்று தோர்ணக்கல்லில் இறந்துவிட்டார்.

நம்ம வேலூர்ப் பக்கத்துச் சபைகள் ஸ்கடர் குடும்பத்தின் அமெரிக்க ஆற்காடு மிஷன் வழியாக வந்தவை. ஆங்கிலிகன் இல்லை. ஆனாலும் அவையும் அதே இணைப்புக்குள் வந்தன. 1976-ல் வேலூர் தனித் திருமண்டலம் ஆனது. அமிர்தி வழியில் பார்த்த போர்டில் 'இந்தியா' வந்த கதை இதுதான்.

தோற்ற பாதி? அவருடைய திருமண்டலத்துக்குள்ளேயே மாலா–மாதிகா பிரிவு தொடர்ந்தது. ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கியவர்கள், ஒருவர் வீட்டில் இன்னொருவர் பெண் எடுக்கவில்லை. எடின்பரோவில் வெள்ளைக்காரர்களிடம் அவர் கேட்டதை, ஊருக்கு வந்து நம்மவர்களிடமும் கேட்கவேண்டியிருந்தது. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவீர்களா? கோயிலுக்குள் விடப்படாத சமூகத்தில் பிறந்தவருக்கு இந்தக் கேள்வியின் வலி புத்தகத்தில் படித்துத் தெரியவேண்டியது இல்லை.

இன்னைக்கு இது ஏன் முக்கியம்?

ஏனென்றால் அந்தக் கேள்வி இப்போது சட்டப் புத்தகத்திலும் இருக்கிறது. 1950-ம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியாக ஏற்றது. 1956-ல் சீக்கியர்கள் சேர்க்கப்பட்டார்கள், 1990-ல் பௌத்தர்கள். தலித் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்னும் வெளியே. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இதை ஆராய ஆணையம் அமைத்தது.

ஒரு தரப்பு, மதம் மாறினால் சாதி போய்விடும், பிறகு சலுகை எதற்கு என்கிறது. மறு தரப்பு, மதம் மாறியும் சாதி போகவில்லையே, கல்லறைத் தோட்டத்தில்கூடத் தனி இடம் இருக்கிறதே என்கிறது. தோர்ணக்கல் அனுபவம் இரண்டாவது தரப்புக்குத்தான் சாட்சி சொல்லும்.

இதையெல்லாம் படித்து முடித்து நண்பனுக்கு வாய்ஸ் நோட் போட்டேன். நாலு நிமிஷம் ஓடியது. மாதிகா, தோல் வேலை என்று சொன்ன இடத்தில் அவன் நின்றுவிட்டான் போல. ராத்திரி பதில் வந்தது.

"எங்க தாத்தா டேனரில சுண்ணாம்புக் குழில இறங்கி வேலை செஞ்சவருடா. கல்யாண வீட்டுக்குப் போனா கடைசிப் பந்திக்குத்தான் உட்காருவாராம், யாரும் சொல்லாமலே. பாட்டி சொல்லிருக்கு. நான்தான் இவ்ளோ நாள் அதை சும்மா ஒரு கதைன்னு நெனச்சிட்டிருந்தேன்."

அடுத்த ஞாயிறு மறுபடி அமிர்திக்குப் போகிறோம். இந்த முறை அவன் பாட்டி சொன்ன மிச்சக் கதையையும் கேட்கவேண்டும்.